பழைய லாரியில் டீசல் செலவைக் குறைக்கும் வழிகள்

விளைபொருளை விளைவிப்பது விவசாயியின் தொழிலில் ஒரு பாதியே ஆகும். அதனைக் கெடாமலும், காலந் தாழ்த்தாமலும், குறைந்த செலவிலும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாதி. வாழையாயினும், தக்காளியாயினும், கரும்பாயினும், வயலை விட்டுப் புறப்பட்ட பின் அதன் விலையில் ஒரு பங்கை வண்டிச் சத்தம் எடுத்துக்கொள்கிறது. இப்பங்கைக் குறைக்கும் பொருட்டே நம் கிராமங்கள் பலவற்றில் விவசாயிகள் தனியாகவோ கூட்டாகவோ பழைய லாரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கின்றனர்.

அவ்வாறு வாங்கியவர்களிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு யாதெனில், "லாரி டீசல் குடிக்கிறது" என்பதே. இம்முறையீட்டுக்குப் பின் வழக்கமாக இரண்டில் ஒன்று நடைபெறுகிறது. ஒன்று, லாரியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். அல்லது பெருந்தொகை செலவிட்டு டீசல் பம்பைப் பிரிக்கவும், எஞ்சினைப் போர் போடவும் முற்படுகின்றனர். இவ்விரு முடிவுகளும், டீசல் எங்கே வீணாகிறது என்று அறியும் முன்பே செய்யப்படுபவை. நோய் இன்னதென்று அறியாமல் பயிருக்கு மருந்து தெளிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வீண் செலவின் பெரும் பகுதி, பிரிக்காமலே கண்டுபிடிக்கக்கூடிய இடங்களில் இருக்கிறது என்பதையும், அவ்விடங்களை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நஷ்டத்தின் அளவு

முதலில் கணக்கைக் காண்போம். ஒரு லாரி சந்தைக்குப் போய்த் திரும்ப 100 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், ஆண்டுக்கு 200 நடை செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓட்டம் 20,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தால் 4,000 லிட்டர் தேவை. 4 கிலோமீட்டரே கிடைத்தால் 5,000 லிட்டர் தேவை. வேறுபாடு 1,000 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 90,000 ரூபாய் புகையாகப் போகிறது. ஒரு நடைக்கு இது 450 ரூபாய். நடைக்கு 100 மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு நாலரை ரூபாய். விலை நல்லபடியாக இருக்கும் நாட்களில் இது கண்ணுக்குத் தெரியாது. தக்காளியும் வெங்காயமும் விலை சரிந்து கிடக்கும் நாட்களிலோ, பறித்த கூலியாவது மிஞ்சுமா என்பதை இந்த நாலரை ரூபாயே தீர்மானிக்கக்கூடும்.

எஞ்சின் டீசலை என்ன செய்கிறது?

டீசல் எஞ்சினை வகுத்தவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். 1897-ஆம் ஆண்டில் அவுக்ஸ்பர்க் நகரில் அவர் சோதித்துக் காட்டிய எஞ்சின், எண்ணெயிலுள்ள சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குச் சிறிது அதிகமானதை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றம். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது என்பது நம் கடலை விவசாயிகள் அறியத்தக்க செய்தி.

இந்த எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்ஷியஸுக்கு மேல் சூடேறுகிறது. அச்சூட்டினுள் நாசில் டீசலைப் பனிபோல் தெளிக்க, அது தானே பற்றி எரிகிறது. ஆகவே நன்றாக எரிவதற்கு நான்கு காரியங்கள் வேண்டும்: போதிய காற்று, காற்று ஒழுகாத நெருக்கம், நுண்ணிய தெளிப்பு, சரியான நேரம்.

இந்நான்கும் செம்மையாக இருந்தாலும், பழைய லாரி எஞ்சின் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது. எஞ்சியது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியேறுகிறது. கிடைத்த அந்த மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே லாரி டயரை உருட்ட வேண்டும். எதிர்க்காற்றைத் தள்ள வேண்டும். மேட்டில் ஏற வேண்டும். எனவே டீசல் வீணாவது எஞ்சினுக்குள் மட்டுமன்று. சக்கரத்திலும், சாலையிலும், டிரைவரின் காலடியிலும் வீணாகிறது. இதை மறந்து பம்பை மட்டும் பிரிப்பதால்தான் பணம் செலவான பின்னும் குறை தீர்வதில்லை.

முதல் வேலை: அளந்து பார்த்தல்

பங்கில் போட்ட பணத்தை வைத்து மைலேஜ் கணிப்பது தவறு. சரியான முறை பின்வருமாறு. டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நோட்டில் குறித்துக்கொள்க. சில நடைகள் ஓட்டிய பின், அதே பங்கில், அதே சமதளமான இடத்தில் நிறுத்தி, மீண்டும் அதே கழுத்து வரை நிரப்புக. இப்போது ஊற்றிய லிட்டரே இடையில் செலவான டீசல். ஓடிய கிலோமீட்டரை இதனால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரு முறை அளந்தால் போதாது. மூன்று முறை அளந்து சராசரி காண வேண்டும். ஏற்றிய பாரம், சென்ற வழி, காலி ஓட்டம் ஆகியவற்றையும் உடன் எழுதுதல் அவசியம்.

மீட்டரையும் நம்பிவிடலாகாது. சாலையோரக் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு 20 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முன்பிருந்ததைவிடப் பெரிய டயர் மாட்டிய லாரியில், ஓடிய தூரத்தைவிடக் குறைவாகவே மீட்டர் காட்டும். 20 கிலோமீட்டர் ஓடியதற்கு 18 என்று காட்டினால், நூற்றுக்குப் பத்துப் பங்கு நஷ்டம் காகிதத்தில் மட்டுமே உள்ளது. அதைத் தீர்க்க ஸ்பானர் தேவையில்லை.

பழைய லாரியின் மைலேஜைப் புதிய லாரியோடு ஒப்பிடுதல் பயனற்றது. அதே லாரி, அதே பாரத்தோடு, அதே வழியில் முன்பு கொடுத்ததோடு ஒப்பிடுவதே முறை. முன்பு எழுதி வைத்த கணக்கு இல்லையெனில், இன்று அளப்பதே இனிமேல் ஒப்பிடுவதற்கு அடிப்படையாகும்.

கசிவு

அளந்த பின் செய்ய வேண்டியது, டேங்கிலிருந்து நாசில் வரை குழாய்களைத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓட விட்டு ஈரம் எங்கே தோன்றுகிறது என்று பார்ப்பது. விநாடிக்கு ஒரு துளி சொட்டுவது அற்பமாகத் தோன்றும். 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், மணிக்கு 180 மில்லிலிட்டர். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாத லாரியில், மேட்டிலும் திருப்பத்திலும் டீசல் தளும்பிச் சிந்தும். நாசிலிலிருந்து மீந்த டீசலைத் திரும்பக் கொண்டுவரும் மெல்லிய குழாயே அடிக்கடி விரிந்து கசியும் இடம். அதனை மறவாமல் பார்க்க வேண்டும். உயர் அழுத்தக் குழாயில் கசிவு இருப்பதாகத் தோன்றினால் விரலால் தடவிப் பார்த்தல் கூடாது. அழுத்தத்தோடு பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து பெருந்தீங்கு விளைவிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டே கை வைக்க வேண்டும்.

காற்று

ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று தேவை. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 12 கிலோ காற்று. இடக்கணக்கில் பத்தாயிரம் லிட்டர். உண்மையில் டீசல் எஞ்சின் இதைவிட அதிகக் காற்றை இழுத்தால்தான் புகையின்றி ஓடும். இவ்வளவு காற்றும் ஏர் பில்டர் என்னும் ஒரே வாயில் வழியாக உள்ளே போக வேண்டும். களத்து மண் பாதையிலும், அறுவடைக் காலத் தூசியிலும், கரும்பு ஆலை வாசலிலும் ஓடும் லாரியின் பில்டர், தார்ச் சாலையில் மட்டும் ஓடும் லாரியின் பில்டரைவிட மிக விரைவில் அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் டீசல் அரைகுறையாக எரிந்து கரும்புகையாக வெளியேறும். லாரி இழுக்கவில்லை என்று டிரைவர் மேலும் மிதிப்பார்; மேலும் புகை வரும்.

பழைய லாரிகள் பலவற்றில் எண்ணெய்த் தொட்டி வைத்த பில்டர் உண்டு. அதன் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் சேறு தங்கியிருந்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் கம்பி வலையையும் கழுவி, குறியிட்ட மட்டம் வரை மட்டும் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும். காகிதப் பில்டராயின், அதைத் தரையில் தட்டுவதும், வெளிப்புறத்திலிருந்து காற்று அடிப்பதும் கூடாது. உட்புறத்திலிருந்து மெதுவாக அடிக்க வேண்டும். கிழிந்த பில்டரைத் துணியால் கட்டி ஓட்டுதல் பெருந்தவறு. உள்ளே போகும் தூசி சிலிண்டரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். சில நூறு ரூபாய்ப் பில்டரை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே போர் போடும் நிலை இவ்வாறே வருகிறது. பில்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பும், கிளிப்பில் தளர்ச்சியும் இல்லாதிருத்தல் வேண்டும்.

சக்கரம்

சமதளச் சாலையில் மிதமான வேகத்தில் செல்லும் பார லாரிக்கு, டயர் உருள்வதில் ஏற்படும் தடையே பெரிய தடை. காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நசுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதில் சக்தி சூடாக வீணாகிறது. இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்து, "காற்று இருக்கிறது" என்று சொல்லும் வழக்கம் லாரி ஓட்டுவோரிடம் பரவலாக உண்டு. இச்சோதனை முற்றிலும் காற்று இறங்கிய டயரைக் காட்டுமேயன்றி, நூற்றுக்கு இருபது பங்கு குறைந்த டயரைக் காட்டாது. கேஜ் ஒன்று வைத்துக்கொண்டு, காலையில் லாரி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். அதைக் கண்டு காற்றை இறக்குதல் தவறு. பின்புற இரட்டைச் சக்கரங்களில் உள் டயரே பெரும்பாலும் கவனிப்பின்றிக் கிடக்கும். உள்ளதும் வெளியதும் ஒரே உயரமும் ஒரே அழுத்தமும் உடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் ஒன்று மற்றொன்றை இழுத்துத் தேய்க்கும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும் லாரி, ஒரு காலைக் கட்டிய மாட்டை ஏரில் பூட்டியது போன்றதாகும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, தானே உருண்டு நிற்கும்படி நிறுத்துக. ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் கையை நீட்டி, தொடாமல், சூட்டை ஒப்பிடுக. ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. பின்னர் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, அச்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றாவிடில் காரணம் அங்கே உள்ளது. கைப்பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதும் விடுபடாமலிருப்பதும் உண்டு.

முன் டயரின் பட்டையைக் குறுக்காகக் கையால் தடவினால், ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப்பல் போலவும் தட்டுப்படுமாயின், வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது என்பது பொருள். அத்தகைய டயர் உருளவில்லை, பக்கவாட்டில் இழுபடுகிறது. இதனால் டீசலும் டயரும் ஒருங்கே வீணாகின்றன.

எஞ்சினின் சூடு

நம் நாட்டில் வெயில் அதிகம் என்பதால், எஞ்சின் கொதிக்காமல் இருக்கத் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் ஒர்க்ஷாப்புகளில் காணப்படுகிறது. இது பழைய லாரியின் டீசல் செலவுக்கு மறைவான காரணங்களுள் ஒன்று. எஞ்சினின் நீர் ஏறக்குறைய 80 டிகிரி செல்ஷியஸ் சூடு அடையும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பதே தெர்மாஸ்டாட்டின் வேலை. அது இல்லாத எஞ்சின் விடியற்காலைச் சந்தை ஓட்டத்தில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதும் எரியாது. எண்ணெய் தடித்திருப்பதால் உராய்வும் கூடும். சிலிண்டரும் விரைவில் தேயும். எஞ்சின் உண்மையாகவே கொதிக்குமாயின், தெர்மாஸ்டாட்டைக் கழற்றுவது மருந்தன்று. ரேடியேட்டரின் அடைப்பு, தளர்ந்த பேன் பெல்ட், நீர்ப் பம்பு, கசியும் மூடி ஆகியவற்றைச் சீர்ப்படுத்துவதே மருந்து.

புகை சொல்லும் செய்தி

பம்பையும் நாசிலையும் தொடும் முன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். கரும்புகை தொடர்ந்து வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள்: பில்டர் அடைத்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், பம்பில் அளவு கூட்டப்பட்டிருக்கலாம், அல்லது பாரம் மிகுந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் கண்ணை எரிக்கும் வெண்புகை வந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது: தெளிப்பு நேரம் தாமதமாகியிருக்கலாம் அல்லது நெருக்கம் குறைந்திருக்கலாம். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது: ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். நன்கு சூடேறிய எஞ்சினில், சமமான இழுப்பின்போது புகை கண்ணுக்குத் தெரியாதிருப்பதே நலத்தின் அடையாளம்.

டீசல் செல்லும் வழி

டீசல் பில்டரை உரிய காலத்தில் மாற்றுவதும், அதன் அடியில் தங்கும் நீரைத் திறந்து விடுவதும் சிறு வேலைகளே. வீட்டில் பீப்பாயில் டீசல் வைத்திருப்பவர்கள், அதை ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடியிலுள்ளதை விட்டுவிட்டு மேலுள்ளதை வடிகட்டி ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுதல் சிக்கனமன்று. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஒரு லிட்டர் டீசலைவிடச் சக்தி குறைவு. மேலும் டீசலுக்குள்ள வழவழப்பு அதற்கு இல்லாமையால் பம்பின் நுண்ணிய உறுப்புகள் தேயும்.

நாசிலைக் கழற்றிச் சோதனை மேசையில் பார்த்தால், பனிபோல் சமமாகத் தெளித்து, கடைசியில் துளி நிற்காமல் வெட்டி நிறுத்த வேண்டும். நீர்க்கோடு போல் பீய்ச்சும் நாசிலும், நுனியில் சொட்டும் நாசிலும் டீசலை எரிக்கமாட்டா. திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஆதலால் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் கண்ட அளவையே வைக்க வேண்டும். மெக்கானிக்கின் கைப்பழக்கத்துக்கு விடலாகாது. டாப்பெட் இடைவெளியும், டீசல் தெளிப்பின் நேரமும் அவ்வாறே. இவற்றைச் சரிபார்க்கும் கூலி, பம்பைப் பிரிக்கும் கூலியில் ஒரு சிறு பங்கே.

லாரி இன்னும் வேகமாக இழுக்க வேண்டுமென்று, பம்பின் முத்திரையை உடைத்து டீசல் அளவைக் கூட்டும் வழக்கம் ஒன்றுண்டு. காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால், கூடிய டீசலில் பெரும்பகுதி புகையாகவே போகும். எஞ்சினும் மிகச் சூடேறும். பழைய லாரி வாங்குவோர் பம்பின் முத்திரை உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நன்று. உடைந்திருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பம்புக் கடையில் சோதனை மேசையில் வைத்து அளவைத் திருத்த வேண்டும்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தத் துண்டுகளும், டேங்கில் போடும் மாத்திரைகளும் மைலேஜை உயர்த்தும் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்ததில், பெரும்பாலானவற்றால் பயனில்லை என்றே கண்டது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டயர் கேஜ் வாங்கலாம்.

டிரைவரின் பங்கு

லாரி எவ்வளவு செம்மையாக இருந்தாலும், ஓட்டும் முறை தவறினால் பயனில்லை. எதிர்க்காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்குச் சென்றால் அத்தடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. நூறு கிலோமீட்டர் வழியில் இதனால் மிச்சமாகும் நேரம் சுமார் முப்பத்து நான்கு நிமிடம். காய்கறி ஏலத்துக்கு அந்த நேரம் தேவையெனில், அரை மணி நேரம் முன்னதாகப் புறப்படுவதே மலிவு.

வேகம் ஏறியதும் மேல் கியருக்கு மாற்றுதல், முன்னே உள்ள தடையைத் தொலைவிலேயே கண்டு ஆக்ஸிலரேட்டரை விடுதல், தேவையின்றிப் பிரேக் போடாதிருத்தல் ஆகியவை நல்ல டிரைவரின் அடையாளங்கள். போட்ட ஒவ்வொரு பிரேக்கும், முன்பே எரித்த டீசலைச் சூடாக்கி எறிவதே ஆகும். எஞ்சின் திணறும்படி மேல் கியரிலேயே ஏற்றத்தில் இழுப்பதும் தவறு. மூட்டை ஏற்றும்போதும், சந்தை வாசலில் காத்திருக்கும்போதும் எஞ்சினை ஓட விட்டிருத்தல் வீண். நடுத்தர லாரி எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் செலவாகிவிடும்.

மலைப்பாதையில் இறங்குவோர் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது போன்ற வழிகளில், நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. அப்போது பம்பின் கவர்னர் டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் தானே ஓட டீசல் செலவாகிக்கொண்டிருக்கும். அதோடு, பாரத்தின் முழுத் தள்ளலையும் பிரேக்கே தாங்க வேண்டியிருப்பதால் டிரம் பழுக்கச் சூடேறி, பிரேக் பிடிக்காமலே போய்விடும். ஒரு லிட்டரும் மிச்சமாகாத காரியத்துக்கு உயிரைப் பணயம் வைப்பதாகும் இது.

பாரமும் நடையும்

அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் ஒரு மூட்டைக்கு ஆகும் டீசல் குறைவதுபோல் தோன்றும். ஆனால் டயர், ஸ்பிரிங், கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் தேய்மானம் அந்த லாபத்தை விழுங்கிவிடும்; சட்டத்துக்கும் அது விரோதம். கிளட்ச் வழுக்கும் லாரியில் எஞ்சின் சத்தம் கூடும், வேகம் கூடாது. இதுவும் டீசல் வீணாவதற்கு ஒரு வழியே. தார்ப்பாயை இறுகக் கட்டாமல் படபடக்க விடுதல் எதிர்க்காற்றின் தடையைக் கூட்டும். இவை எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் காலி நடை. சந்தையிலிருந்து திரும்பும்போது உரம், விதை, பிண்ணாக்கு, கால்நடைத் தீவனம் ஆகியவற்றை அண்டை விவசாயிகளுக்கும் சேர்த்து ஏற்றி வருவதால் கிடைக்கும் அனுகூலம், எந்த எஞ்சின் ரிப்பேராலும் கிடைக்காது.

எஞ்சினைப் பிரிப்பது எப்போது?

மேற்கூறியவற்றையெல்லாம் வரிசையாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் மீண்டும் டேங்கை நிரப்பி அளந்து வர வேண்டும். ஒரே நாளில் பலவற்றை மாற்றினால், எதனால் பயன் கிடைத்தது என்று தெரியாமற் போகும். இவ்வளவுக்குப் பின்னும் மைலேஜ் உயரவில்லையெனில், சிலிண்டர்களின் நெருக்கத்தைக் கேஜ் வைத்து அளக்கச் செய்ய வேண்டும். நெருக்கம் குறைந்து, எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடி வழியாகப் புகை பீறிட்டு, ஆயிலும் அடிக்கடி குறையுமாயின், எஞ்சின் உண்மையாகவே தேய்ந்துவிட்டது.

அப்போதும் உடனே பிரித்துவிடாமல் ஒரு கணக்குப் போட வேண்டும். ரிப்பேருக்கு 90,000 ரூபாய் ஆகும் என்றும், அதனால் மைலேஜ் 4-லிருந்து 5 ஆகும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் லாரி அத்தொகையை ஓராண்டில் மீட்டுத் தந்துவிடும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டரே ஓடும் லாரியில் மிச்சமாவது 250 லிட்டர், அதாவது 22,500 ரூபாய். முதல் மீள நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் லாரியின் பிற பாகங்களும் செலவு கேட்கும். முன்னவர் ரிப்பேர் செய்வது தகும். பின்னவர், பில்டரும் டயரும் பிரேக்கும் செம்மையாக வைத்துக்கொண்டு உள்ளபடியே ஓட்டுவதோ, லாரியை விற்றுவிட்டு அண்டை விவசாயிகளோடு சேர்ந்து வாடகை லாரி அமர்த்துவதோ நன்று.

ஆகவே விவசாய அன்பர்கள் அடுத்த முறை டீசல் போடும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே. டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, மீட்டரைப் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அந்நோட்டில் மூன்று வரிகள் சேர்ந்த பின், எந்தத் திருகைத் திருப்ப வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவரவரே அறிந்துகொள்ளலாம்.